முப்பத்தாறு

கீழ்வரிசை, இடப்பக்கம், நடுவிலிருந்து ஆறாவது.
டாக்டர் ஹெப்சிபா அதை முப்பத்தாறு என்றார்.
ஊருக்கெல்லாம் புகார் எண் கொடுத்துப் பழகியவள் நான்,
என் வாய்க்கு யாரோ எண் கொடுத்தது
அன்றுதான்.

என்ன கடிச்சீங்க?
தட்டையில் ஒரு கடலைப்பருப்பு.
அது சாக்கு, விரிசல் பழசு, என்றார்.
ராத்திரியில பல்லைக் கடிப்பீங்களா?

மின்வாரியப் புகார் மையத்தில் ஒன்பது வருடம்.
'எப்பம்மா கரண்ட் வரும்' என்று ஆரம்பித்து
என் பிறப்பு வரைக்கும் போய் நிற்பவரிடம்
'சற்றுப் பொறுங்க சார்' சொல்ல
கொஞ்சம் பல் செலவாகும்.
ராத்திரி மட்டுமா என்று
நான் திருப்பிக் கேட்கவில்லை.

புரசைவாக்கம், பாத்திரக்கடைக்கு மேல் மாடி.
கீழே ஓர் எவர்சில்வர் குடம் உருண்டு போக
மேலே என் பல் சிறுத்துக்கொண்டிருந்தது.
சுற்றிலும் ஒன்றரை மில்லி, உச்சியில் இரண்டு.
விரிசல் விட்டதைக் கவ்விப் பிடிக்க
கவசத்துக்கு இடம் வேண்டுமாம்.
அவர் கிரௌன் என்கிறார். நாங்கள் கேப் என்போம்.
பழைய தமிழில் முடி.
எந்த முடியானாலும்
சீவிவிட்டுத்தான்
சூட்டுகிறார்கள்.

உலோகம் மூவாயிரத்து ஐந்நூறு,
அதன்மேல் செராமிக் ஏற்றினால் ஆறாயிரம்,
ஜிர்கோனியா பன்னிரண்டாயிரம்.
கடவாய்ப் பல்லை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்றேன்.
கொட்டாவி விட்டா தெரியும் என்றார்.
இரவுப் பணிக்காரி, ஆறாயிரத்துக்கு இறங்கினேன்.
விசிறிபோல் விரித்த பொய்ப் பற்களைக்
கன்னத்தோரம் வைத்துப் பார்த்து
'ஏ த்ரீ' என்று குறித்துக்கொண்டார்.
நாற்பத்தொரு வருட டீ, காபி,
ஒரு எழுத்து, ஒரு எண்.

தற்காலிகக் கேப்போடு பத்து நாள்.
ஏழாம் நாள் பெரம்பூர் சப்வேயில் பஸ் மிதந்தது.
எல்லா லைனும் சிவப்பு.
வியாசர்பாடியிலிருந்து ஒருவர்,
நான்கு மணி நேர இருட்டையும்
என் ஒருத்தியின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தார்.
பாதியில் அந்தக் கேப் கழன்று
நாக்கில் உருண்டது.
உள்ளங்கையில் துப்பி, சில்லறைப் பையில் போட்டு
'ஆள் அனுப்பியிருக்கோம் சார்' என்றேன்.
'ன்' எல்லாம் காற்றோடு போயிற்று.
அவர் நிறுத்தினார்.
என்னம்மா, பேச்சு ஒரு மாதிரி இருக்கு?
பல்லு சார்.
மழைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.
'கிராம்பு ஒண்ணு அடக்கிக்கங்க. விடிஞ்சுடும்.'

வலியே இல்லை.
நரம்பை எடுத்து மூன்று வாரம் ஆகிறது.
அதை அவரிடம் சொல்லவில்லை.
காலையில் பத்து ரூபாய்க்குக் கிராம்பு வாங்கி
டிராயரில் ஹெட்செட் பஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
இன்னும் இருக்கிறது.

அயனாவரத்து லேபிலிருந்து
பிளாஸ்டர் தாடையில் ஏறி வந்தது என் பல்.
முகமே பார்க்காத ஒருவர்
அதன் பள்ளங்கள்வரை செதுக்கியிருந்தார்.
நீலக் காகிதம். கடிங்க. தேயுங்க. கடிங்க.
ஒரு மயிரிழை உயரம், என்றார் டாக்டர்,
அந்த மயிரிழையைப் பிடித்துச் சீவினார்.
பிறகு ஒரு கார்டு வேணும், தூங்கும்போது போட.
இல்லன்னா இதையும் உடைச்சிருவீங்க.
'அடுத்த மாசம் பார்த்துடலாம் மேடம்.'
அது என் ஹெட்செட் குரல்.
அவருக்கும் தெரிந்தது, சிரித்தார்.

நாக்கு இன்னும் நம்பவில்லை,
நிமிஷத்துக்கொரு தரம் போய்க் கதவைத் தட்டுகிறது.
வெளியே வெள்ளையடித்துப் பளபளப்பு.
உள்ளே, குட்டையாய், என்னுடையது,
இணைப்பு துண்டித்த வீடு.

யாரும் புகார் கொடுப்பதில்லை
அந்த முகவரியிலிருந்து.