நிலுவை

வெள்ளவத்தையில் ஏறும்போது
நூற்று எண்பத்தேழு பேர்
என் கைப்பைக்குள் காத்திருந்தார்கள்.

ஏழு ஐம்பது கோச்சியில்
கம்பியைப் பிடித்த கை போக
மிச்சம் இருப்பது ஒரு பெருவிரல்.
அதை வைத்துக்கொண்டு
சேர்ப்பதா விடுவதா என்று
கோட்டை வரைக்கும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போவேன்.

கட்டடக் கம்பனியொன்றின் மனிதவளப் பிரிவில்
கழிப்பறைக் கதவோரம் என் மேசை.
வேலை கொடுப்பவள் நானில்லை.
விண்ணப்பங்களைத் துளையிட்டுக்
கோப்பில் கோர்ப்பவள்.
இது அந்த நூற்று எண்பத்தேழு பேருக்கும் தெரியாது.

காப்புறுதி விற்கிற ஒருவர்
'அன்புள்ள ஐயா' என்று தொடங்கியிருந்தார்.
விட்டேன்.
முப்பதே நாளில் என்னைத் தலைவியாக்கப் பார்த்தார் இன்னொருவர்.
விட்டேன்.
ஆறு வருடமாய் எங்கள் லிஃப்டில்
தரையை மட்டுமே பார்த்து வருகிற
நான்காம் மாடி ஹெட்டிகொட அம்மையார்
நேற்றிரவு பன்னிரண்டு மணிக்குக் கேட்டிருக்கிறார்.
ஏற்றுக்கொண்டேன்.
இனி லிஃப்டில் எங்கே பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

பம்பலப்பிட்டியில் கடல்
ஜன்னலுக்குள் ஒரு கை உப்பை எறிந்தது.
சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்ததில்
மறுபக்கம் திறந்துகொண்டது:
நான் கேட்டவை.

நாலே நாலு.
மூன்று பேர் யாரென்று எனக்கே ஞாபகமில்லை.
மற்றது தர்மினி ஞானசேகரம், சிங்கப்பூர்.
பக்கத்து மேசைக்காரி.
என் ஸ்டேப்ளரில் தன் பெயரை ஒட்டி
இரண்டு வருடம் வைத்திருந்தவள்.
'போய்ச் சேந்ததும் உனக்கும் ஒரு வழி பாக்கிறன்'
என்று விமான நிலையத்தில் அழுதவள்.
பதினொரு மாதம், என்கிறது சாம்பல் எழுத்து.
அருகிலேயே 'மீளப் பெறு'.

தொட்டால், எச்சரிக்கிறது:
மீளப் பெற்றால்
மூன்று கிழமைக்கு மறுபடி கேட்க முடியாதாம்.
பதினொரு மாதக்காரிக்கு
மூன்று கிழமையைக் காட்டி வெருட்டுகிறது.
சிரிப்பு வந்தது.
ஆனாலும் அழுத்தவில்லை.

கொள்ளுப்பிட்டி தாண்டி நிமிர்ந்தால்
கதவோரம் நிற்பவன் எங்கேயோ பார்த்த முகம்.
பட்டியலில் கீழே போனேன், இன்னும் கீழே,
ஏழு மாதத்துக்கும் கீழே.
நிருஜன் டெலஸ்ரின். கியூ.எஸ். மன்னார்.
கல்யாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டிய முகம்.
தோளில் யாருடையவோ நாலு விரல்கள்
வெட்டத் தப்பிக் கிடந்தன.
அதே நெற்றி.
சிரிக்கலாமா என்று கேட்கிற அதே வாய்.

அவனுக்கு முன்னால் ஒரு இருக்கை காலியானது.
அவன் இருக்கவில்லை.
என்னைப் பார்த்து, கையைக் காட்டி,
விலகி நின்றான்.

இருந்தேன். காது சுட்டது.
நன்றி தொண்டையோடு நின்றுவிட
விரல் முந்திக்கொண்டது.
ஏற்றுக்கொண்டேன்.
கொம்பனித்தெருவில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது.
இப்போது அதிரும், இப்போது எடுப்பான் என்று
ஒரு அந்நிய ஆணின் காற்சட்டைப் பையையே
வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிர்ந்தது என் கை.

'நன்றி மேடம். நான் இப்ப தோஹாவில, பிரச்சினையில்லை.
உங்கட கம்பனியில இன்னும் ஆள் எடுக்கினமா?
தம்பிக்குக் கேக்கிறன்.'

கதவோரம் நின்றவன்
ரயில் நிற்க முன்னமே குதித்து
மேம்பாலக் கூட்டத்தில் கரைந்தான்.
அவன் யாரோ.
அவனுக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை.

மேடையில் நின்று எண்ணிப் பார்த்தேன்.
நூற்று எண்பத்துமூன்றாக இருக்கவேண்டும்.
நூற்று எண்பத்துநாலு.
தம்பி அதற்குள் கேட்டுவிட்டான்.

அவனுடையதும் கல்யாண வீட்டுப் படம்.
ஒரு கை பக்கவாட்டில் நீண்டு
படத்தின் ஓரத்தில்
விரல்கள் இல்லாமல் முடிந்திருந்தது.