முப்பத்து நான்காவது வீடு

சிகூட்டிமி. மணி மூன்று. மைனஸ் இருபத்தாறு.
டிராக்டரின் முதுகில் பனியூதி.
கழுத்தைத் திருப்பியபடியே ஓட்டுகிறாள் ஜிஸ்லேன்.
அறுபத்தொரு வாசல்கள், விடிவதற்குள்.

முப்பத்து நான்கு இரட்டை வீடு.
இடப்பாதிக்குப் பணம் வந்துவிட்டது.
வலப்பாதி ரெஜான்
அக்டோபரிலேயே கையை விரித்துவிட்டான்.
நடுவில் ஓர் ஆரஞ்சுக் குச்சி.
பனிக்கு அது தெரியாது, அவளுக்குத் தெரியும்.

டக்.
சுருள்கத்தி எதையோ விழுங்கிவிட்டது.
ஒடிந்தது விரலளவு போல்ட்,
பெரியது உடையாமலிருக்க
உடைவதற்கென்றே செய்தது.

வீட்டுச் செருப்போடு
டார்ச்சைப் பிடித்து நிற்கிறான் ரெஜான்.
பேச்சில்லை.
கத்தியின் பல்லிலிருந்து நூல் நூலாய் வருகிறது
அவன் வீட்டுக் கால்மிதி:
"நல்", கொஞ்சம் ரப்பர், பிறகு "வரவு".

"உன் பாதியையும் வேண்டுமானால்..."
"எதற்கு? ஆலையில் நிறுத்திவிட்டார்கள்.
காரை எடுத்துக்கொண்டு எங்கே போக?"

புது போல்ட். அவள் ஏறிக்கொண்டாள்.
டார்ச் வெளிச்சம் அவன் காரைத் தேடியது;
கூரையின் ஓரம் மட்டும் தெரிந்தது.
அவ்வளவு பனி வானத்திலிருந்து விழவில்லை.
டிசம்பரிலிருந்து இடப்பாதியில் அள்ளியதையெல்லாம்
வலப்பக்கம்தான் துப்பியிருக்கிறது அவள் குழாய்.

குச்சியைத் தாண்டவில்லை.
குழாயை இடப்பக்கம் திருப்பினாள்.

முப்பத்தைந்தில் நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது.