ஆறாவது கட்டம்

ஸ்டேன்லி பிணவறைப் பதிவேட்டில்
ஆறாவது கட்டம்: உறவு.
அதற்கு முந்தைய ஐந்தில்
தெரியாது, தெரியாது, சுமார் அறுபது
என்றுதான் எழுதியிருக்கிறார் அப்பா.
ஆறாவதில் மட்டும் அவர் பேனா தயங்கியதில்லை.

தண்டவாளத்தில் கிடந்தவருக்குத் தம்பி.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டருகே
மழையில் ஒடுங்கிக் கிடந்த கிழவிக்கு மகன்.
எண்ணூர் முகத்துவாரத்தில் ஒதுங்கிய
பெயரில்லாத பையனுக்கு
அப்பா.
தேதியைப் பார்த்தேன்.
என் ஏழாவது பிறந்தநாள்.
பத்து மணிவரை கேக்கை வெட்டாமல்
உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.
அன்று அவர்மேல் வந்த கோபத்தை
இருபது வருடம் பத்திரமாக வைத்திருந்தேன்.

துறைமுகத்தில் டேலி கிளார்க் எத்திராஜ்.
பகலெல்லாம் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை
எண்ணிக் கோடு போடுவார்,
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
ஷிப்ட் முடிந்ததும்
யாரும் எண்ணாதவர்களைத் தேடிப் போவார்.
குளிக்காமல் எங்களைத் தொடமாட்டார்.
எந்த நேரமானாலும்
வாசலில் ஒரு வாளி வெந்நீர் வைப்பாள் அம்மா.

நல்லவர் என்று ஊர் சொல்லட்டும்.
என் காலேஜ் பீஸை
ஆம்புலன்ஸுக்கும் குழி வெட்டியவனுக்கும்
கொடுத்துவிட்டு வந்தாரே,
அந்தக் கதையும் வேண்டும்.
அம்மாவின் வளையல் சேட்டுக் கடைக்குப் போனது.
ஒன்பது நாள் அவள் பேசவில்லை.
அந்த ஒன்பது நாளும் அவர்தான் சமைத்தார்.
ரசத்தில் உப்பில்லை, யாரும் சொல்லவில்லை.
அப்போதும் வாளி வந்தது,
கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களுக்கே எங்களுக்கு.
காசிமேட்டில் ஏலம் ஓயும்வரை நின்று
விலை இறங்கிய சங்கராவோடு வருவார்.
தம்பி ஜெயசீலன் தட்டில்
ஒவ்வொரு முள்ளாக எடுத்து ஒதுக்குவார்.
அவனுக்கு மீசை முளைத்த பிறகும்.
"வுடுப்பா, நான் இன்னா கொயந்தையா?"
என்று அவன் கையைத் தட்டிவிடுவான்.
அடுத்த வாரமும் எடுப்பார்.

ஒரு வியாழக்கிழமை விடியலில்
கிரேன் நிழலில் சாய்ந்து உட்கார்ந்தவர்
எழவில்லை.
அதே ஸ்டேன்லி. அதே மேஜை.
மோசஸ் அண்ணன் பதிவேட்டைத் திருப்பி வைத்தார்.
பெயர் தெரியும். வயது தெரியும்.
தண்டையார்பேட்டை, நேதாஜி நகர், வீட்டு எண் தெரியும்.
ஆறாவதில் மகள் என்று எழுதினேன்.
"இந்தக் கட்டத்துல வேற கையெழுத்தப் பாத்தே
ரொம்ப நாளாச்சும்மா" என்றார்,
கண்ணாடியைத் துடைத்தபடி.

காரியம் முடிந்தபின் ஒருநாள்
பழைய பதிவேடுகளைக் காட்டினார்.
அம்மா ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள்.
"எனக்குத் தெரியாம இத்தினி மாமியாரா?"
சிரித்தாள்.
சிரித்தபடியே முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

அவர் போனை நிறுத்திவிடலாம் என்றான் தம்பி.
மாதம் பிறந்தால் அம்மா
தெருமுனைக் கடையில் ரீசார்ஜ் செய்துவிடுகிறாள்.
ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனவர்கள்,
ரத்தம் கிடைக்காதவர்கள்,
செய்தி தெரியாமல் எத்திராஜ் சாரைக் கேட்பவர்கள்.
நேற்று ஒன்றரை மணிக்கு மூலக்கொத்தளத்திலிருந்து ஒரு குரல்.
அம்மா இல்லப்பா என்றாள்.
அப்புறம்,
"நீ சொல்லு. ஆம்பளயா, பொம்பளயா?"
இருட்டில் என் செருப்பைத் தேடினேன்.

திரும்பி வரும்போது
பால் வண்டி போய்க்கொண்டிருந்தது.
ஆறாவது கட்டத்தில் என்ன எழுதினாய் என்று
அவள் கேட்கவில்லை.
வாசலில்
ஆவி பறந்துகொண்டிருந்தது வாளி.