உடைக்கும் வேலை

என் வேலை உடைப்பது.
சுண்டுவிரல் நீளப் பட்டைகள், ஷிப்டுக்கு நாற்பது.
நடுவில் ஒரு வெட்டு வைத்து
ஊசல் சுத்தியலின் வழியில் நிறுத்துவேன்.
தாழ்ப்பாளை விட்டதும் அது வரும்.
எவ்வளவு தாங்கினேன் என்று
பட்டை சொல்லாது, முள் சொல்லும்.

கருப்பூர் தாண்டி, நெடுஞ்சாலைக்கு முதுகு காட்டி
எங்கள் கொட்டகை.
பக்கத்தில் வெள்ளைக்கல் சுரங்கத்தின் கழிவு மேடு.
தூரத்தில் சேர்வராயன் மலை.
மேகம் இல்லாத நாளில்
ஏற்காடு பஸ்ஸின் கண்ணாடி
வளைவுக்கு வளைவு மின்னும்.

ஓசூரில் ஒரு கம்பெனி கேட்டது,
வண்டியின் முன்முகத்துக்கு ஒரு பிளாஸ்டிக்.
வெயிலில் நெளியக்கூடாது.
பெட்ரோல் வழிந்தால் வெடிக்கக்கூடாது.
கல் பட்டால் உடையக்கூடாது.
பனியிலும். அடிக்கோடு போட்டு, பனியிலும்.

ஒரே பிறவியில் இத்தனையும் கிடையாது.
பாலிகார்பனேட் அடி தாங்கும், சூடு தாங்கும்;
வளைத்து வைத்து
பெட்ரோல் துணியால் ஒருமுறை துடைத்தால்
முடி முடியாய் விரிசல்.
பிபிடிக்கு எண்ணெயும் ஏறாது, பெட்ரோலும் ஏறாது;
வெட்டு விழுந்த இடத்தில் மட்டும்
முதல் அடிக்கே சொல்லாமல் போய்விடும்.
இரண்டையும் உருக்கி நடுவே ரப்பர் பொடி தூவ வேண்டும்,
ஓடிவரும் விரிசல்
முட்டி மூச்சுவாங்குவதற்கு.

இன்னொன்றும் உண்டு, ஒரு சிட்டிகை.
உருகிக் கிடக்கையில் இவை இரண்டும்
ஒன்றின் துண்டை ஒன்று பிடுங்கிக் கோத்துக்கொள்ளும்.
விட்டால் அது அதுவாக இருக்காது, இதுவும் இதுவாக இருக்காது.
சிட்டிகை உள்ளே போய்ச் சொல்லும்:
போதும், இவ்வளவு நெருக்கம்.
(ஜோசபின் இதைக் கேட்டுச் சிரித்தாள்.
போன மாதம்தான் அவளுக்குக் கல்யாணம்.)

நாற்பத்தாறு கலவைகள் தேறவில்லை.
நாற்பத்தேழு தேறியது. அறுபது காட்டியது முள்.
பட்டை முழுசாய் உடையவில்லை;
வெட்டின் வாயில் சுரங்க மேடு மாதிரி வெளுத்து,
மடிந்து, தோலில் தொங்கியது.
முதலாளி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு ஆர்டர். அறுநூறு கிலோ.
இரவு ஷிப்ட், செங்கோட்டுவேல்.

காலையில் வந்தால் தரையெல்லாம் தண்ணீர்.
முதல் பட்டை, பதினொன்று.
இரண்டாவது, பத்து.
பொறை மாதிரி இரண்டு துண்டு,
முறிந்த முகம் பளபளவென்று.
அச்சில் வார்த்த தகட்டில் வெள்ளிக் கோடுகள்.
செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி ஓடினால் கொலுசு.
இங்கே அதற்குப் பெயர் ஈரம்.

குருணை ஈரம் குடித்திருந்தால்
இருநூற்று அறுபது டிகிரியில்
தண்ணீர் கத்தரிக்கோல் ஆகும்.
சங்கிலிகளை நறுக்கிவிட்டு
ஆவியாய்ப் போய்விடும், சாட்சி வைக்காமல்.

பதிவேட்டில், உலர்த்தி, நூற்றிருபது, நான்கு மணி நேரம்.
வரிசையாய், ஒரே பேனா, ஒரே அழுத்தம்.
விழித்திருந்து எழுதிய எழுத்து
அப்படி இருக்காது.

"கரண்ட் போச்சா?"
செங்கோட்டுவேல் மலையைப் பார்த்தான்.
அங்கே மலை இல்லை, மேகம்தான்.
"ஒன்றரை மணி நேரம். லாரி ஆறு மணிக்குன்னாங்க."

லாரி வாசலில் நின்றது.
டிரைவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.
முதலாளி என் மேசையருகே வந்து
அந்தப் பழைய பட்டையை மடக்கி மடக்கி நிமிர்த்தினார்.
"இதுவும் நாற்பத்தேழுதானே."
"செய்முறை அதுதான், சார்."
எழுதினேன். பதினொன்று.

சரக்கில்லாத லாரிக்குச் சத்தம் அதிகம்.
அது நெடுஞ்சாலை ஏறும்வரை
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
முதலாளியின் விரல்களுக்குள்
தோல் அறுந்து, பட்டை இரண்டானது.

அடுத்த மழைக்குப் பதிவேட்டில் கோணல் எழுத்து,
நடுவில் நீல மை கறுப்பாகி:
இரண்டு பத்து, கரண்ட் இல்லை.
மூன்று நாற்பது, வந்தது.
உலர்த்தி மறுபடி முதலிலிருந்து.
மழை என்று தனியாக ஒரு சொல்,
அதற்கென்று கட்டம் இல்லாததால்
வெப்பநிலைக் கட்டத்தில்.