இடுப்புச் சுற்றளவு

நோட்டீஸில் அவர் பெயர் பார்க்கோஸ்.
ஹங்கேரி நாட்டு மல்யுத்த சாம்பியன்,
எவராலும் வீழ்த்தப்படாதவர்,
காலை ஆகாரம் அறுபது முட்டை.
பெயரையும் ஆகாரத்தையும் கூட்டிப் பார்த்த மதுரை
மத்தியானத்துக்குள் அவரை
முட்டைக்கோசு ஆக்கிவிட்டது.
ஜட்காவில் தமுக்கடித்துப் போனவனே
அப்படித்தான் கத்தினான்.
சென்ட்ரல் மார்க்கெட்டில் கோசு
வீசைக்கு ஓரணா ஏறியது.
ஹங்கேரி எங்கே இருக்கிறது என்றேன்.
கொடைக்கானலுக்கு அந்தப் பக்கம் என்றார்
பாத்திரக்கடை ஒச்சப்பன்.
கோசு அங்கிருந்துதானே வருகிறது,
யாரும் மறுக்கவில்லை.

புது மண்டபத்துக்கு அவர் வந்தது
சனிக்கிழமை காலை பத்து மணிக்கு.
பின்னாலேயே வந்த கூட்டம்
யாளித் தூண்களில் தொற்றிக்கொண்டு நின்றது.
திண்டுக்கல்லில் உடுப்பை எலி கடித்துவிட்டதாம்,
ராத்திரி தமுக்கத்தில் ஆட்டம்,
ஆறு மணிக்குள் புதுசு வேண்டும் என்றார் ஏஜெண்ட்.

என் டேப் அறுபது அங்குலம்.
மார்பைச் சுற்றி வருமுன்பே தீர்ந்துபோனது.
எதிர்க்கடை நீலமேகத்தின் டேப்பை வாங்கி
முடிச்சுப் போட்டேன்.
அந்த முடிச்சுக்கும் கைதட்டினார்கள்.

அப்புறம் இடுப்பு.
டேப் பட்டதும்
மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார் சாம்பியன்,
பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளை மாதிரி
வயிற்றை எக்கி,
கண்ணை மட்டும் கோபுரத்துப் பக்கம் வைத்துக்கொண்டு.
காது மடல் சிவந்திருந்தது.
நாற்பத்தெட்டு என்று எழுதினேன்.
மூச்சை விட்டால் ஐம்பத்திரண்டு,
இருபது வருஷத் தொழில், எனக்குத் தெரியாதா?
தெரிந்தும் நாற்பத்தெட்டுக்கே வெட்டினேன்.
அந்த மனுஷன் என்னிடம் கேட்டது அதைத்தான்,
வாய் திறக்காமல்.

தமுக்கம்.
நாலணா டிக்கெட்டில் புளியமரம் வரைக்கும் தலை.
பஞ்சாப்காரன் ஒருத்தனை அலாக்காகத் தூக்கி
உச்சியில் நிறுத்திய நொடியில்
மூச்சை விட்டார்.

டர்ர்ர்ர்.

நடு முதுகு, கழுத்திலிருந்து இடுப்பு வரை.
மைதானமே எழுந்துவிட்டது.
"பலத்தைப் பாத்தியா, துணி தாங்கல!"
பக்கத்தில் நின்றவன் சந்தோஷத்தில்
என் தோளில் ஓங்கி அடித்தான்.
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
பிரிந்தது துணியா தையலா என்று
அத்தனை தூரத்தில் தெரியவில்லை.

மறுநாள் ஏஜெண்ட் வந்தார்.
திட்டப்போகிறார் என்று மெஷினை மூடி வைத்தேன்.
திருச்சிக்கு ஒன்று,
தஞ்சாவூருக்கு ஒன்று,
கோயம்புத்தூரில் மூன்று நாள் ஆட்டம், அதற்கு மூன்று.
அளவு அதே அளவு.
முதுகில் மட்டும் ஒற்றை இழை,
முடிச்சே வேண்டாம் என்றார்.

முடிச்சில்லாமல் விட எனக்குக் கை வரவில்லை.
விரல் பாட்டுக்கு முடிந்துவிடும்,
கத்தரிப்பேன், மறுபடி முடியும்.
கூலியைக் குறைக்காமல் கொடுத்தார்,
மேலே ரெண்டு தரை டிக்கெட்.

கடைசி உடுப்பில்
இடுப்புப் பக்கம் நாலங்குலம்
உள்மடிப்பாக விட்டுத் தைத்தேன்,
ஏஜெண்டுக்குத் தெரியாமல்.
ஆட்டமில்லாத என்றைக்காவது
அவரே பிரித்துவிட்டுக்கொள்ளட்டும்,
மூச்சு விட.