பூட்டிய அறைக்கும் சேர்த்து

இரண்டு படுக்கையறை என்றுதான் சொல்லியிருந்தார்கள்.
மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிய சீனி காக்கா
ஒன்றைத் திறந்து காட்டினார்.
மற்றதன் கதவை உள்ளங்கையால் தட்டினார்,
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி.
"இதுல ஓனர் சாமான். பூட்டியே கெடக்கும்.
வாடகை ரெண்டுக்கும் சேர்த்துத்தான்."

பேரம் பேசத் தெரியாதவள் அல்ல நான்.
ஆனால் ஜூன் பத்து ஆகியிருந்தது.
கீழக்கரை பாலிடெக்னிக்கில் நான் சேர்ந்து எட்டு நாள்;
லாட்ஜ் கட்டிலுக்கு அடியில்
தமயந்தியின் பன்னிரண்டாம் வகுப்பு
இன்னும் அட்டைப்பெட்டியில்.
ஒரு வீட்டில் கணவர் எங்கே என்றார்கள்.
ஒரு வீட்டில் கேட்கவில்லை, கழுத்தைப் பார்த்தார்கள்.
ஒரு வீட்டில் குழாய்த் தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு
நானே இறங்கி வந்துவிட்டேன்.
இங்கே காவிரித் தண்ணீர், ஒருநாள் விட்டு ஒருநாள்.
அட்வான்ஸ் அறுபதாயிரம்.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

கடல் அரை கிலோமீட்டர் தள்ளி என்பார்கள்.
அது எங்களோடுதான் குடியிருந்தது, வாடகை தராமல்:
ஜன்னல் கம்பியில்,
அடுப்பின் காலில்,
வந்த மாதம் வாங்கிய இடுக்கியில்.
துருப்பிடித்தலைப் பதினேழு வருஷமாய் நடத்துகிறேன்.
இரும்பு, ஈரம், காற்று;
உப்பிருந்தால் சீக்கிரம்.
ஆடிக் கச்சான் வீசிய ஒரு ராத்திரி
பூட்டிய கதவின் நாதாங்கி
பூட்டோடு கழன்று டைல்ஸில் விழுந்தது.

பயந்துபோய் தம்மாமுக்குப் போன் செய்தேன்.
மஹ்தூம் நைனா,
ரசீதில் மட்டும் பார்த்த பெயர்.
"வீடியோ போடுங்க லாத்தா" என்றார்.

கட்டில். மெத்தையில் பிரிக்காத பாலிதீன்.
பீரோ கண்ணாடியில் கம்பெனி ஸ்டிக்கர்.
ஃபேன் இறக்கைகளில் கடைக்காரன் சுற்றிய காகிதம்.
"மெதுவா... மெதுவாக் காட்டுங்க.
அந்த மூலைல ஓதம் இருக்கா?"
இருந்தது. இல்லை என்றேன்.

கட்டி முடித்துப் பதினோரு வருஷமாம்.
லீவில் வந்தால் மாமியார் வீடு,
எங்க ஊர் வழக்கம் அப்படி என்றார்.
ஒரு ராத்திரி இங்கே படுத்ததில்லை.
"ஃபேன் ஓடுதான்னு பாப்போமா?"
தமயந்தி நாற்காலியில் ஏறிக் காகிதத்தைக் கிழித்தாள்.
ஓடியது.
அவர் பேசவில்லை.
அவருக்கு மேல் இன்னொரு கட்டிலின் அடிப்பலகை தெரிந்தது,
அதிலிருந்து யாரோ தொங்கவிட்ட கால்.
விளக்கை அணை என்று
எனக்குத் தெரியாத பாஷையில் ஒரு குரல்.

பித்தளைப் பூட்டு, முந்நூற்று நாற்பது ரூபாய்.
வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார்,
கழித்துக்கொண்டேன்.
வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை.
பத்து நிமிஷம் ஃபேனைப் போட்டுக் காட்டுவேன்.
அந்தக் கரண்டுக்குக் கணக்கு வைக்கவில்லை.
மற்ற ஆறு நாளும் தமயந்தி அங்கேதான் படிக்கிறாள்,
பாலிதீன் சரசரக்க.
வியாழன் இரவே புத்தகங்களை ஹாலுக்கு மாற்றி
அவள் உட்கார்ந்த பள்ளத்தைத்
தடவித் தடவிச் சமன் செய்துவிடுவேன்.

போன வாரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:
"கட்டில்ல குனிஞ்சு படிச்சா
புள்ளைக்குக் கழுத்து வலிக்காதா லாத்தா?"

ஃபேன் சத்தத்தில்
கேட்காதவள் போல நின்றேன்.
மெத்தையின் ஓரத்தில்
அவளுடைய பென்சில் ஒன்று கிடந்தது.