நான்காம் தடம்

ஃபேரர் பார்க் புல்தரை.
சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே
அவள் நான்காம் தடம், நான் ஐந்து.
எண்பது மீட்டர், எட்டுத் தடை.
காலையில் பெய்த மழையை
மண் இன்னும் செலவழித்து முடிக்கவில்லை.

துப்பாக்கி வெடித்தது.
ஆறாவது தடைவரை
அவள் மூச்சு என் காதில் கேட்டது.
ஏழாவதில் என் பாதம் கட்டையைத் தட்டியது.
விழுந்த இடத்திலிருந்து நான் பார்த்தது
தூரே போகும் கேன்வாஸ் காலணியின் அடிப்பாகம்,
அதில் ஒட்டிக்கொண்ட ஒரு புல்.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் செய்தித்தாளில்
மீனலோசனியை மீனரோசினி என்று போட்டிருந்தார்கள்.
என் பெயரைத் தப்பாகப் போடக்கூட
அவர்களுக்கு அவசியம் வரவில்லை.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல
ராஃபிள்ஸ் பிளேசில், வங்கியில்,
ஈரப் பஞ்சில் விரல் தொட்டு
அடுத்தவர் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தாளாம்.
காலணி மேசையின் கடைசி இழுப்பறையில்.
ஓடியதற்கு யாரும் அவளுக்கு
ஒரு காசு கொடுத்ததில்லை,
பேருந்துக்குக்கூட.

கல்யாணமானால் வேலையை விடவேண்டும்:
நியமனக் கடிதத்தில் ஏழாவது ஷரத்து.
ஏழாவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.
கல்யாணமே செய்யாமல் அதைத் தாண்டினாள் என்பார்கள்.
பொய்.
தாலிக்கொடியோடு போய் மேலாளர் எதிரே உட்கார்ந்து,
"நேற்றைவிட இன்று என் கூட்டல் தப்பாகவா இருக்கிறது?"
என்று கேட்டாள்.
அவர் பதில் சொல்ல நான்கு மாதம் எடுத்துக்கொண்டார்.
நான்கு மாதமும் அவள் வேலைக்குப் போனாள்.

பெட்டகத்துக்கு இரண்டு சாவி.
ஒன்றை அவளிடம் கொடுக்கும் நாள் வந்தபோது
சேலைக்குத்தான் பை கிடையாதே என்றார்களாம்.
அன்றிரவே இடுப்பில் செருக
ஒரு துணிப்பை தைத்துக்கொண்டாள்.
(தையல் சுமார்தான். பிற்பாடு பார்த்தேன்.)

அறுபத்தெட்டில் எனக்கு
மூன்று தையல் எந்திரம் வேண்டியிருந்தது.
கெர்பாவ் சாலையில் ஒரு கடை,
இரண்டு பள்ளிச் சீருடைக்கு வாய்வார்த்தை.
நகை இல்லை.
கையெழுத்துப் போடவேண்டிய கணவர் கப்பலில்,
எந்தக் கடல் என்று கடிதம் வந்தால் தெரியும்.
மூன்று வங்கிகளில்
அவரைக் கூட்டி வா என்றார்கள்.
நான்காவதில் அவள்.

மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து,
"ஐந்தாம் தடம்" என்றாள்.
நான் அழுவதற்குத் தயாரானேன்.
அவள் பென்சிலைச் சீவினாள்.
"வாடகையைக் குறைத்து எழுதியிருக்கிறாய், ரோசலின்.
ஜனவரி விற்பனையைப் பன்னிரண்டால் பெருக்கினால்
ஒரு வருடம் ஆகிவிடுமா?
இன்றைக்கு இது கிடையாது."

காலியர் கீயில் வெயிலில் நின்று
படகுகளைத் திட்டினேன்.
பாவம், அவை என்ன செய்யும்.
பிறகு காகிதத்தைப் பிரித்தேன்.
ஓரத்தில் பொடி எழுத்தில் பென்சில்:
தடைக்கு ரொம்ப முன்னாலேயே குதிக்கிறாய்.
அன்றும் அதேதான். சத்தம் கேட்டது.

மறுமாதம் திருத்திய கணக்கோடு போனேன்.
கணவர் கையெழுத்துக்கான இடத்தில்
ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தாள்,
பக்கத்தில் தன் சுருக்கொப்பம்.
வட்டியில் மட்டும்
கால் சதவீதம் குறைக்கவில்லை.
நான் கேட்டுத்தான் பார்த்தேன்.

இன்று காலைப் பத்திரிகையில்
பெயர் சரியாக வந்திருக்கிறது.
முதல் பெண் இது, முதல் பெண் அது,
கடைசியில் ஒரே வரி:
எண்பது மீட்டர் தடையோட்டம்,
பன்னிரண்டு புள்ளி நான்கு வினாடி.

அன்று காற்று
எங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசியது.
அதை யாரும் எழுதவில்லை.
அவள் இருந்திருந்தால்
சேர்க்கச் சொல்லியிருப்பாள்.